பவுனுக்குப் பதில் பனங்கொட்டை கொடுத்த அப்பா: உங்கள் வீட்டில் இப்படி யாராவது உண்டா?

சாயல்குடிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் சாயல்குடி பக்கம், இப்போது இருப்பது கோயம்புத்தூர். போன மாதம் ஊரில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். என் தம்பிதான் தாய்மாமன், அவன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாயிற்று, தோடு அவன் போட்டான். மாமியார் வீட்டில் செயின் போட்டார்கள். அடுத்து என் அப்பா என்ன செய்யப் போகிறார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, துண்டில் சுற்றி வைத்திருந்த ஒரு ஓலைக்கொட்டானை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, பந்தி கவனிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பனங்கொட்டை, அதற்கடியில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று. தாளில் பால்பாயின்ட் பேனாவால் எங்கள் நிலத்தை வரைந்திருக்கிறார். கிணறு, களத்துமேடு, ரோட்டுக்குப் போகிற வண்டிப்பாதை எல்லாம் இருக்கிறது. வடக்கு எல்லையிலும் மேற்கு எல்லையிலும் வரிசையாகப் புள்ளிகள். மேலே "பாப்பா பனை" என்று தலைப்பு. அவள் பிறந்த வருடம் புரட்டாசியில், மழைக்கு முன்னால் ஊன்றியிருக்கிறார், எங்களிடம் மூச்சு விடவில்லை. சில புள்ளிகளை அடித்துவிட்டுப் பக்கத்தில் "ஆடு" என்று எழுதியிருக்கிறார். ஒரு இடத்தில் "ஆடு, மறுபடி ஊன்றியது". அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்துக்கொண்டது.

ஆனால் பந்தலில் எல்லோருக்கும் அப்படித் தோன்றவில்லை. என் நாத்தனார், "பவுன் விக்கிற விலைக்குப் பனங்கொட்டைதான் கட்டுப்படியாகும்" என்று காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

கேட்க வந்தது ரெண்டு விஷயம். உங்கள் வீட்டில் இப்படி யாராவது, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கொடுத்திருக்கிறார்களா, அதை வாங்கிக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? அப்பாவிடம் நன்றி என்று சொன்னால் "போ போ வேலையைப் பாரு" என்பார், அது எனக்குத் தெரியும். ரெண்டாவது, நிலம் இன்னும் அப்பா, சித்தப்பா ரெண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாகத்தான் இருக்கிறது. இந்தக் கன்றுகள் பிழைத்து வர என்ன செய்ய வேண்டும், நாளைக்கு மகளுக்கு அதில் ஏதாவது பாத்தியதை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடலிக்காடு:

தங்கச்சி, முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. "தென்னைய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பாளை விடவே பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும், நம் ஊர் மண்ணுக்கு அதற்கு மேலும் இழுக்கும். பாளை விடுகிற வரைக்கும் ஆண்பனையா பெண்பனையா என்றுகூடச் சொல்ல முடியாது. பதநீர் ரெண்டிலும் இறக்கலாம், நுங்கு பெண்பனையில் மட்டும்.

இனி வேலை. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் மேலே ஒன்றும் தெரியாது, கீழே போய்க் கிழங்குதான் பிடிக்கும். அதனால் பிழைக்கவில்லை என்று நினைத்து யாரும் கிளறிவிடக் கூடாது. மார்கழி, தையில் பொங்கலுக்குக் கிழங்கு தோண்டுகிற பிள்ளைகள் கையில் மாட்டாமல் தப்பியதே பெரிது. ஓலை வெளியே வந்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, உரம் வேண்டாம். ஆடு, மாடு கடிக்காமல் முள்ளை வெட்டிச் சுற்றிலும் போட்டால் போதும்.

ஆனால் ஆட்டை விடப் பெரிய எமன் ஜேசிபி. சீமைக்கருவேலம் மண்டிவிட்டது என்று வருடத்துக்கு ஒரு தடவை யாராவது வண்டியை விட்டு வழிப்பார்கள், ஓட்டுகிறவருக்கு வடலியும், அதாவது இளம்பனையும், கருவேலமும் ஒன்றுதான். எங்கள் ஓடைக்கரையில் இடுப்பு உயரம் வந்த வடலியெல்லாம் ஒரே காலையில் போயிற்று. அப்புறம் கரிமூட்டம் போடுகிறவர்கள் வைக்கிற தீ. ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு கல் நட்டு வெள்ளையடித்து வையுங்கள், வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியட்டும். இன்னொன்று, சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே ஊன்றியிருந்தால் பக்கத்து நிலத்துக்காரர் பின்னால் பேச வருவார். ரெண்டு, மூன்று அடி உள்ளே இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள்.

பாத்தியதை பற்றி: மரம் நிலத்தோடு சேர்ந்ததுதான், தாளில் "பாப்பா பனை" என்று எழுதினால் சட்டத்தில் செல்லாது. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்து, அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினால், அப்பா தன் பங்கைப் பேத்தி பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதலாம். மைனர் என்றாலும் கார்டியன் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் அவள் பெரியவளாகும் முன் விற்கவோ அடமானம் வைக்கவோ நினைத்தால் கோர்ட் அனுமதி வேண்டும். பனையை வெட்டுவதற்கும் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

ஏறுவதற்கு ஆள் கிடைப்பாரா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். இப்போதே எங்கள் பக்கம் பனையேறுகிறவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள்.

கீழக்கரைப் பொண்ணு:

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கொடுத்தது எங்கள் காக்கா, அதாவது மூத்த அண்ணன்.

வாப்பா ரொம்ப வருடம் சவூதியில் இருந்தார். அப்போது வீட்டில் போன் கிடையாது, கடிதம் எழுதுவார், அதோடு கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்து விடுவார். இங்கே இருந்து நாங்களும் பேசி அனுப்புவோம். கீழக்கரையில் எங்கள் வயதுக்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் இது உண்டு. அந்தக் கேசட்டுகளெல்லாம் பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன, உம்மா தூக்கிப்போடவும் விடமாட்டார், கேட்கவும் மாட்டார், கேட்பதற்கு டேப்பும் இல்லை.

போன பெருநாளைக்கு எல்லோரும் சேலை, அத்தர், பணம் என்று வாங்கிக்கொண்டிருக்க, காக்கா எனக்கும் லாத்தாவுக்கும் (அக்காவுக்கும்) ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்தார். ஏதோ கல்யாண போட்டோ என்று நினைத்து லேப்டாப்பில் போட்டால் வாப்பா குரல்! இளவயசுக் குரல். பின்னால் ஏசி சத்தம் உறுமிக்கொண்டே இருக்கிறது. "போன தடவை பேசினது கேக்கலைன்னு சொன்னியாமே, இப்ப மைக்கைப் பக்கத்துல வச்சிருக்கேன்" என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் பாதிக் கேசட் முழுக்கக் கணக்குதான்: கோடாலித் தைலம் யார் யாருக்கு எத்தனை, டேங் டப்பா மாமிக்கு ஒன்று, நிடோ டின்னைப் பிரிக்காமல் வை, பூத்துணி ரெண்டு கஜம் பக்கத்து வீட்டுக்கு. பாசமாக ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தால் கடைசியில் "சரி, டேப்பு முடியப் போவுது" என்று டக்கென்று நின்றுவிடுகிறது.

இதில் வேடிக்கை, வாப்பா இப்போது நல்லபடியாக வீட்டில்தான் இருக்கிறார். தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டு, "இதையெல்லாம் எதுக்குத் தோண்டினே" என்று காக்காவைத் திட்டினார். ஆனால் அஸர் தொழுதுவிட்டு வந்து "அந்த இன்னொரு பக்கத்தையும் போடு" என்று அவரேதான் கேட்டார்.

யாராவது செய்ய நினைத்தால் சொல்கிறேன், காக்கா பட்ட பாடு இது. கடற்கரை ஊரில் கேசட்டுக்கு முதல் எதிரி ஈரக்காற்று. டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும், உள்ளே இருக்கிற சின்ன இரும்புத் தகடு துருப்பிடித்திருக்கும், அப்படியே ஓடவிட்டால் மெஷினும் கெடும். திருகு போட்ட கேசட்டாக இருந்தால் கழற்றித் துடைத்து, ரீலை மட்டும் வேறு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டு மூடியாக இருந்தால் மெதுவாகப் பிளக்க வேண்டும். 90 நிமிடக் கேசட்டில் டேப் மெல்லிசு, சீக்கிரம் சிக்கும். ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் பதியலாம். குறுக்கு வழி கிடையாது, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். சில கேசட்டில் வாப்பா பேச்சு மேலேயே யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டிருந்தார்கள். அது யார் என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது. மேல் ஓரத்தில் இருக்கிற பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டிருந்தால் யாரும் மேலே பதிய முடியாமல் போயிருக்கும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். காக்காவுக்கு நாங்கள் திருப்பி ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு சட்டி தொதல் கிண்டிக் கொடுத்தோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் வற்றி எண்ணெய் கக்குகிற வரை கை ஓயக் கிண்ட வேண்டும், அவர் உட்கார்ந்த நேரத்துக்கு நாங்கள் நின்ற நேரம் சரியாகப் போயிற்று.

தங்கச்சிமடத்துத் தங்கை:

அக்கா, எங்கள் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகு கரையில், அப்பா வீட்டில் வலை பொத்துவார். நான் மாசமாக இருந்த வருடம் அதே ஊசியை வைத்துக்கொண்டு வேம்படியில் உட்கார்ந்து நைலான் கயிற்றில் தொட்டில் பின்னினார். பருத்தி நூலில் போடுங்கப்பா என்று எவ்வளவோ சொன்னேன். "பருத்தி இத்துப்போகும்" என்று ஒரே வார்த்தை. பிள்ளை விரல் மாட்டாத அளவுக்குக் கண்ணி சிறிசு, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். உள்ளே பழைய சேலையைக் கனமாக மடித்துப் போடாமல் பிள்ளையைப் போடாதீர்கள், நைலான் தோலில் அச்சு விழுத்தும்.

சென்னையில் எங்கள் வாடகை வீட்டில் கொக்கி மாட்ட ஓனர் விடவில்லை. கடைசியில் இரும்பு ஸ்டாண்டு வாங்கித்தான் தொங்கவிட்டோம், தொட்டிலுக்கு ஆகாத செலவு ஸ்டாண்டுக்கு ஆயிற்று. இப்போது மகன் பள்ளிக்கூடம் போகிறான், தொட்டிலில் வெங்காயம் தொங்குகிறது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்குன்னா கண்ணிய இன்னும் பெரிசாப் போட்டுருப்பேனே" என்றார்.

ராம்நாடு டு பெங்களூரு:

நடுவில் புகுந்து கேட்கிறேன். தங்கைக்குப் புது வீடு, வித்தியாசமாக ஏதாவது கொடுக்க ஆசை. ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை எல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார்களாமே, யாருக்காவது தெரியுமா?

தங்கச்சிமடத்துத் தங்கை:

அண்ணே, அதைத் தொடவே தொடாதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் வருகிறது. வாங்கினாலும், கையில் வைத்திருந்தாலும் கேஸ்தான். சில சங்கு, சிப்பி வகைகளுக்கும் தடை உண்டு. மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, எங்கள் ஆட்களே அங்கே இறங்க முடியாது. வலம்புரி என்று சொல்லிப் பெரிய விலை சொன்னாலும் நம்பாதீர்கள், அதே மாதிரிச் சுழி இயல்பாகவே உள்ள அமெரிக்கக் கடல் சங்கு ஒன்று இருக்கிறது, அதைக் காட்டித்தான் நிறையப் பேரை ஏமாற்றுகிறார்கள். பேசாமல் நம் ஊர் முண்டு மிளகாய் கொடுங்கள், 2023-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. பெங்களூரில் இருக்கிற தங்கைக்கு அதை விட என்ன வேண்டும்.

தொண்டி மச்சான்:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபப்படக் கூடாது.

என் கல்யாணத்துக்கு மறுநாள் பெரியப்பா கூப்பிட்டு ஒரு சிவப்பு அட்டைக் கணக்கு நோட்டைக் கொடுத்தார். மொய் நோட்டு. என் கல்யாணத்து மொய் இல்லை, அவர் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வந்த மொய் எல்லாவற்றையும் பழைய நோட்டுகளிலிருந்து பார்த்துப் புதிதாக, ஊர் வாரியாகப் பிரித்து எழுதியிருந்தார். நம்புதாளைக்கு ஒரு பக்கம், எஸ்.பி.பட்டினத்துக்கு ஒரு பக்கம், திருவாடானைக்கு நாலு பக்கம். யாருக்குத் திருப்பிச் செய்தாயிற்று, யாருக்குப் பாக்கி, எல்லாம். கூட்டாளிகள் சிரித்தார்கள், "கல்யாணப் பரிசாகக் கடன் பத்திரம் வாங்கினவன் நீ ஒருத்தன்தான்டா" என்று. எனக்கும் அன்றைக்குக் கடுப்புதான், வாட்ச் எதிர்பார்த்தேன்.

அப்புறம் படித்தால் தொகைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு போட்டிருக்கிறார். "பணம் வைக்கவில்லை, ரெண்டு மூட்டை நெல் அனுப்பினார், அதை 51 ரூபாய் என்று நினைத்துவிடாதே." "கோபத்தில் இருக்கிறார், பத்திரிகை வைக்க முதலில் இவர் வீட்டுக்குப் போ." "இவர் மகன் இப்போது திருப்பூரில், கஷ்டம், மொய் கேட்டு நிற்காதே, நீ மட்டும் செய்." ஒரு பெயருக்கு நேரே வெறும் "மறக்காதே". ஏன் என்று அவர் சொல்லவே இல்லை, நானாக விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதை இங்கே எழுத முடியாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எது வந்தாலும் இன்றைக்கும் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

சரி, உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வடக்கு எல்லை, மேற்கு எல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தெற்கும் கிழக்கும் ஏன் இல்லை? வடக்கும் மேற்கும்தான் சித்தப்பா உழுகிற நிலத்தோடு ஒட்டுகிறதா? நம் பக்கத்தில் பனை வரிசை என்றால் அந்தக் காலத்திலிருந்தே எல்லை என்றுதான் அர்த்தம். நட்ட கல்லைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிடலாம், பனையைப் பிடுங்கி நட முடியாது. பேத்திக்குப் பரிசும் ஆயிற்று, தம்பிக்குச் சேதியும் ஆயிற்று. தப்பாகச் சொல்லவில்லை, விவரமான மனுஷன் என்கிறேன். நாத்தனார் சொன்ன "கட்டுப்படி" கணக்கில் இதைச் சேர்த்தால் செயினை விட இதுதான் பெரிய சொத்து.

வடலிக்காடு:

தொண்டிக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அதனால்தான் ரெண்டு, மூன்று அடி உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். பாகம் பிரிக்கிற வரை சித்தப்பாவுக்கும் அந்த மண்ணில் பங்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தால் வம்பு வடலியை விட வேகமாக வளரும்.

சாயல்குடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. லாத்தா, அந்தக் கோடாலித் தைலக் கணக்கை என் வீட்டுக்காரரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

தொண்டி அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது, அப்புறம் தாளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, வடக்கும் மேற்கும்தான் சித்தப்பா பக்கம். நேற்று ராத்திரி போனில் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், இது பாப்பாவுக்கா, இல்லை சித்தப்பாவுக்கா என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "ரெண்டும்தான்" என்றார். சித்தப்பாவுக்குத் தெரியுமா என்றால், கொட்டை பொறுக்கிக் கொடுத்ததே அவர்தானாம், ஊன்றும்போது கூடவே நின்று எந்த இடம் என்று காட்டியும் இருக்கிறார். ரெண்டு பேருக்கும் வாய்ப்பேச்சு நின்று போய் ரொம்ப நாளாயிற்று என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம், இவர்கள் என்னவென்றால் சேர்ந்து பனை வைத்திருக்கிறார்கள்.

வருகிற பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். கல்லுக்கு அடிக்க வெள்ளைச் சுண்ணாம்பு நான் வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "நீ எதுக்கு அங்கருந்து தூக்கிட்டு வர, இங்க கிடைக்காதா" என்றார். பாகம் பிரிக்கிறதைப் பற்றிக் கேட்டதற்கு, தையில் சர்வேயரைக் கூப்பிடப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். வடலிக்காடு அண்ணே, அளக்க வருவதற்கு முன் கையில் என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும் என்று முடிந்தால் எழுதுங்கள்.